பாதியில் நகர்ந்தவர்

மதுரையில் சேக் மைதீனின் போட்டோக் கடை வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டி மறுபடியும் உடைந்துபோனது. போன தடவை உடைத்தவர்கள் பெரிய வீதியிலிருந்து கோஷம் போட்டுக்கொண்டு வந்தவர்கள். ஊரே கெட்டுக் கிடக்கிறது, நமக்கு மட்டும் தனியாகவா விடியும் என்று அதை அவர் சகித்துக்கொண்டார். இந்தத் தடவை கல்லை விட்டது அவருடைய சொந்தத் தெருப் பையன்கள். பள்ளிவாசலுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு சலாம் சொல்லிவிட்டுப் போகிற பயல்கள். மனுசனுக்குக் கோபம் வருமா வராதா?

அந்தப் பெட்டிக்குள் அவர் அப்படி என்ன அக்கிரமத்தை மாட்டிவிட்டார்? ஒரே ஒரு படம். எழுமலைக்குப் பக்கத்தில் வேலாங்குளம் என்று ஓர் ஊர். மைதீனின் பெண்சாதி மரியம் பீவி பிறந்த ஊர். அங்கே முஹர்ரம் மாதத்தில் பஞ்சா எடுப்பார்கள். நீளக் கம்பின் உச்சியில் விரித்த கை ஒன்றைப் பித்தளையில் செய்து, பூவும் ஜரிகையும் சுற்றியிருக்கும், அதுதான் பஞ்சா. அதை வீட்டில் வைத்துக் காப்பது மரியமின் பிறந்த வீடு. தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவதோ கருத்தக்கண்ணன் வீட்டு ஆட்கள். வெள்ளாமை செய்கிற சம்சாரிகள், பட்டையாகத் திருநீறு பூசுகிறவர்கள். அதே மாதிரி மாசிக் களரித் திருவிழாவில், கருத்தக்கண்ணன் வீட்டுக் குலசாமிக்கு விழுகிற கிடாய்களில் ஒன்றை மரியம் வீட்டு ஆள் போய் ஓதி அறுத்துக் கொடுப்பார். அப்போதுதான் ஊரிலுள்ள முஸ்லிம்களும் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட முடியும். இதையெல்லாம் யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மைதீன் கல்யாணமான புதிதில் போய், மரியமின் அத்தாவையும் கருத்தக்கண்ணனின் ஐயாவையும் பஞ்சாவுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தி எடுத்த படம் அது. இரண்டு பேருமே இன்றைக்கு இல்லை.

இந்த வருசம் மாசிக் களரியில்தான் வினை வந்தது. மதுரையிலிருந்து ஏதோ சங்கத்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் சிலர் வேலாங்குளம் போய், நம்ம சாமி கிடாயைத் துலுக்கன் தொடுவதா, துலுக்கன் பஞ்சாவை நம்ம ஆள் தூக்குவதா என்று ஊரைக் கூட்டிப் பேசினார்கள். மரியமின் அண்ணன் பக்கீர் முகமது கத்தியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கோயில் முன்னால் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கூப்பிட வேண்டிய கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அடுத்த வாரமே பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கப் புதிதாக வந்த ஒரு ஹஜ்ரத் பக்கீர் முகமது வீட்டுக்கு வந்து, பஞ்சா எடுப்பதே மார்க்கத்தில் இல்லாத காரியம், அதைப் போய்க் காபிர் கையில் கொடுப்பதா என்று கோபித்துவிட்டுப் போனார். வெள்ளைச் சட்டைக்காரர்களும் ஹஜ்ரத்தும் ஜென்மத்தில் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனால் பாருங்கள், கருத்தக்கண்ணன் பஞ்சாவைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

சேதி மதுரைக்கு வந்ததும் மைதீனின் தெருவில் சில பையன்கள் கம்பைச் சீவ ஆரம்பித்தார்கள். மைதீனுக்குக் கூட்டத்தில் பேச வராது. கோபம் வந்தால் நாக்கு புரளாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் படம் பிடிப்பது. அந்தப் படத்தின் பழைய கண்ணாடித் தகட்டைத் தேடி எடுத்துப் பெரிதாகப் போட்டு வாசல் பெட்டியில் மாட்டி, "கம்பை வச்சிட்டு இதப் பாருங்கடா" என்றார். பார்த்தார்கள். அப்புறம்தான் கல் வந்தது.

மரியம் பீவி கண்ணாடிச் சில்லை முறத்தில் கூட்டி அள்ளிக்கொண்டே சொன்னாள்: "செத்துப்போனவுகளக் காட்டி என்னங்க செய்யப் போறீங்க? அவுகளுக்கு என்ன சண்டையா சச்சரவா? உசுரோட இருக்குற ரெண்டு பேரையும் நிப்பாட்டி எடுக்க முடியுமா உங்களால?"

"உங்க அண்ணன் வந்து நிப்பாரா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். இந்த வருசம் கருத்தண்ணன் பஞ்சா தூக்கலைன்னா, அம்புட்டுத்தான். அடுத்த வருசம் தூக்குவாகன்னு கனவு காணாதீங்க. எங்க வீட்டுப் பெட்டிக்குள்ளயே அது கெடந்து களிம்பேறிப் போகும்." சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துபோனது.

அந்தக் குரலுக்காகத்தான் மைதீன் மரியமையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பங்குனி வெயில். பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போடி ரயிலில் ஏறி உசிலம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டி. எவன் போட்ட பாதையோ, குழியில்லாத இடமே கிடையாது. தகடுகளை வைக்கோலுக்குள் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டும் பிரயோசனமில்லை. ஊர் போய்ச் சேர்ந்து பிரித்துப் பார்த்தால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விரிசல் விட்டிருந்தன. மைதீன் வண்டிக்காரனைத் திட்டினார், மாட்டைத் திட்டினார், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை கருத்தக்கண்ணனைத் தேடித் தோட்டத்துக்குப் போனார். அவர் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சக் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மாடுகள் பள்ளத்தில் வெகுதூரம் இறங்கினால்தான் தண்ணீர்ச் சால் மேலே வந்தது. தண்ணீர் கொட்டியதும் மாடுகளைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படி ஏறி இறங்குகிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது? மேட்டுக்கு வரும்போது ஒரு பேச்சு, பள்ளத்தில் இறங்கிவிட்டால் பேச்சு அறுந்துபோகும்.

"வா மாப்ள. மரியமும் வந்திருக்காமே?" என்றார் கருத்தக்கண்ணன்.

"வந்திருக்கா மச்சான். நாளைக்குப் பஞ்சா எடுக்கணும்ல. நீங்க வந்து தூக்கணும், நான் ஒரு படம்..."

"ஹை, ஹை!" மாடுகள் இறங்கிவிட்டன. மைதீன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்ததும் கருத்தக்கண்ணன் சொன்னார்: "படமெல்லாம் வேணாம் மாப்ள. ரேகைச் சட்டம்னு சொல்லி எங்க சாதிசனம் அம்புட்டுப் பேரோட பத்து வெரலையும் ஸ்டேசன்ல மையில அமுக்கி எடுத்து வச்சிருக்கான். எங்கயாச்சும் ஒரு ஆடு காணாமப் போனா எங்க வாசலுக்குத்தான் மொதல்ல வாரான். இப்ப மூஞ்சியையும் கண்ணாடில அமுக்கிக் குடுக்கணுமா?"

"நான் போலீசா மச்சான்? ஒங்க ஐயா படம் இம்புட்டு நாளா என்கிட்டத்தான இருக்கு, எந்தப் போலீசு வந்து கேட்டான்?"

மறுபடி பள்ளம். மறுபடி மேடு. இந்தத் தடவை கருத்தக்கண்ணன் தானாகவே மாட்டை நிறுத்தினார்.

"அன்னைக்குப் பக்கீரக் கூப்பிடலைன்னு நெனைக்கிறியா? வாய் வரைக்கும் வந்துச்சு மாப்ள. பங்காளிக அம்புட்டுப் பேரும் என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறானுக. கூப்பிட்டிருந்தா என் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தன் வரமாட்டான். ரெண்டு பொட்டப்புள்ள வச்சிருக்கேன்."

"அப்ப நாளைக்கு?"

"வாரேன், வரமாட்டேன்னு இப்ப எப்படிச் சொல்ல? போ மாப்ள, வெயிலு ஏறுது."

மைதீன் மச்சினன் வீட்டுக்கு வந்தார். பக்கீர் முகமது ஆட்டுத்தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டார்.

"நானா? அவன் பக்கத்துலயா?" பக்கீர் முகமது உப்பை உதறினார். "ஊரு முன்னாடி கத்தியும் கையுமா என்னைய நிக்க வச்சிட்டான். கசாப்புக்காரன் வேலை கேட்டு நிக்கிற மாதிரி நின்னேன் மச்சான். ஏன் அண்ணே போறீகன்னு வாயவிட்டுக் கேட்டேன். காதுல விழாத மாதிரி போயிட்டான். சின்னப்புள்ளைல இருந்து ஒரே கம்மாயில நீச்சலடிச்சவன்!"

"அவரு வந்து நின்னா நீங்க நிப்பீங்களா?"

"அவன் மொதல்ல வரட்டும்."

அங்கே போனால் அவன் வரட்டும், இங்கே வந்தால் இவன் வரட்டும். மைதீனுக்குத் தலை காய்ந்தது. அன்றைக்கு மத்தியானம் சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

காரியத்தை நடத்தியது கருத்தக்கண்ணனின் பெண்சாதி மாயக்காள்தான். அவளுடைய மகன் காளை சின்னப் பிள்ளையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் கிடந்து, பஞ்சாவுக்கு நேர்ந்துகொண்டுதான் பிழைத்தான் என்பது அவள் கணக்கு. மறுநாள் காலை குளிக்கப் போன புருசனை வழியிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஒங்க சங்கமும் வேணாம், சாதிசனமும் வேணாம். அந்தக் கை குடுத்த புள்ள அவன். தூக்க மாட்டேன்னு போனீகன்னா நானே போயித் தூக்குறேன், ஊரு சிரிக்கட்டும்!"

அதற்குமேல் கருத்தக்கண்ணன் என்ன செய்வார்? ஈர வேட்டியோடு வந்தார். பக்கீர் முகமது வீட்டுக்கு வெளியே புளியமரத்து நிழலில் பஞ்சாவை நிறுத்தியிருந்தார்கள். மரியம் பீவி வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த மலிதாவைத் தட்டில் ஏந்தி வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள். கருத்தக்கண்ணன் கம்பில் கையை வைத்தார். பக்கீர் முகமது அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போகட்டும், பெட்டியைத்தானே பார்க்க வேண்டும் என்று மைதீன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார்.

நிழலில் எடுக்கிறதென்றால் அந்தப் பழைய பெட்டிக்கு மூடியைத் திறந்து ஐந்தாறு எண்ணுகிற நேரமாவது வேண்டும். அதுவரை ஆள் இமைகூடக் கொட்டக் கூடாது. இருப்பதோ ஒரே தகடு.

"அசையாதீங்க மச்சான். ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சுக்கங்க. திறக்குறேன்!"

மூடியைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். மூன்று எண்ணியிருப்பார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவருடையதுதான், "துலுக்கனுக்குச் சோடியா நின்னு படம் எடுக்குறியேய்யா, வெக்கமா இல்ல?" என்று கத்தியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். கருத்தக்கண்ணனின் கை கம்பிலிருந்து விலகியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

"அடப்பாவி மனுசா! அசையாதேன்னு சொன்னேனே!" மைதீன் மூடியைப் பட்டென்று போட்டுவிட்டு முக்காலியை ஓங்கி உதைத்தார். நல்லவேளை, பெட்டி விழவில்லை. "இன்னும் ரெண்டு எண்ணுறதுக்குள்ள என்னய்யா ஒனக்குக் குடி முழுகிப்போகுது!"

ஆள் திரும்பவில்லை. பக்கீர் முகமது பஞ்சாவின் பூவை உருவிப்போட்டு, பித்தளைக் கையைக் கழற்றித் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தட்டிலிருந்த மலிதாவை யாரும் வாங்கவில்லை. மரியம் பீவி அதைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

மதுரைக்கு வந்து மருந்தில் கழுவிப் பார்த்தபோது மைதீனுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. பக்கீர் முகமது செதுக்கின மாதிரி தெளிவாக நிற்கிறார். பஞ்சா தெளிவாக இருக்கிறது. கருத்தக்கண்ணன் மட்டும் பாதி இருக்கிறார், பாதி இல்லை. ஆளுக்கு ஊடாகப் புளியமரத்தின் தூர் தெரிகிறது. மூடி திறந்திருந்த நேரத்தில் பாதிவரை நின்றார், பாதியில் போனார். தகடு இரண்டையும் வாங்கிக்கொண்டது.

"பாழாப்போச்சு. இத உடைச்சுப் போடுறேன்" என்றார்.

"உடைக்காதீங்க. இதையே வாசல்ல மாட்டுங்க" என்றாள் மரியம்.

"எவன் பாப்பான் இத?"

"யாரு பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? எங்க அண்ணனும் கருத்தண்ணனும் நிக்கிற படம் ஒலகத்துலயே இது ஒண்ணுதான்."

பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டு, வீம்புக்குத்தான் மாட்டினார். நடந்தது வேறு. கல் வரவில்லை. ஆள் வந்தது, கூட்டம் கூட்டமாக. ஆளுக்குள்ளே மரம் தெரியுதாம்ல என்று சித்திரைக் கூட்டத்துக்கு முன்னாலேயே அங்கே ஒரு திருவிழாக் கூட்டம். கம்பைச் சீவிய பையன்கள்கூட மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவரு ஏன் மாமு கரைஞ்சுபோனாரு?" என்று கேட்டார்கள். "கரையல. போயிட்டாரு. எவனோ கத்துனான்னு போயிட்டாரு. ஒங்களமாதிரி ஒருத்தன்தான் கத்துனான்" என்று மைதீன் வள்ளென்று விழுந்தார். விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பாதிப் பேருக்கு அது பேய்ப்படம்தான்.

எழுமலையிலிருந்து கடலை மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் யாரோ அதைப் பார்த்திருக்கிறார்கள். சேதி ஊருக்குப் போய்விட்டது. ஒருநாள் காலை மைதீன் கடையைத் திறந்தால் வாசலில் மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் கருத்தக்கண்ணன். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எம் புருசன் பாதி போயிட்டாரே தம்பி! ஆயுசு பாதியாப் போச்சே! அந்தக் கை வாங்கிக்கிருச்சே!" என்று மாயக்காள் ஓலமிட்டாள். "எப்படியாச்சும் முழுசாக்கிக் குடு சாமி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

"அக்கா, கேளுங்க. ஆயுசுமில்ல ஒண்ணுமில்ல. இவரு நகந்தாரு, அதான் அப்படி விழுந்துருக்கு. பச்சப்புள்ள நகந்தாலும் இப்படித்தான் விழும்."

அவள் நம்பினால்தானே? கருத்தக்கண்ணன் பெட்டியின் முன்னால் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் நகந்தது எனக்குத் தெரியாதா மாப்ள? போயிட்டோம்டா சாமின்னுதான் அன்னைக்கு வீடு போயிச் சேர்ந்தேன். போகலையே. பாதி ஆளு அங்கனயேதான நிக்கிறேன்."

மைதீனுக்கு வந்த கோபம் அந்தப் பேச்சில் எங்கே போனதென்று தெரியவில்லை. மாடிக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கூரை வழியாக நல்ல வெளிச்சம். மாளிகையும் குளமும் வரைந்த சீலைக்கு முன்னால் கருத்தக்கண்ணனை நிறுத்தினார். மாயக்காள் கைகூப்பிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"நடுவுல வாங்க மச்சான். ஓரத்துல நிக்கிறீங்க."

"இங்கனயே நிக்கிறேன்."

"பாதிப் படம் சும்மா கெடக்கும்யா! பாக்க நல்லாவா இருக்கும்?"

"அது பக்கீரு எடம். கெடக்கட்டும் விடு."

மைதீன் பெட்டிக்குப் பின்னால் போனார். மூடியைத் திறந்தார். கருத்தக்கண்ணன் இமைக்கவில்லை. மூடியைப் போட்டு, முடிந்தது மச்சான் என்று சொன்ன பிறகும் அப்படியே நின்றார். மாயக்காள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அந்தப் படத்தையும் வாசலில் மாட்டி, பக்கீர் முகமதையும் வந்து நிற்கும்படி சொல்லியனுப்பினார் மைதீன். அவரிடமிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? "நான்தான் முழுசா நிக்கிறேனே, எனக்கென்ன வந்துச்சு?" ஆடி போனது, ஆவணி போனது. அவரே இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பஞ்சா பூட்டிய பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

புரட்டாசியில் தோல் மண்டிக்குச் சரக்குப் போட பக்கீர் முகமது மதுரைக்கு வந்தார். தங்கச்சி வீட்டுக்கு வராமல் போக முடியுமா? வந்தவர் வாசல் பெட்டி முன்னால் நின்றுவிட்டார். மைதீன் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து போகவில்லை.

"இதென்ன மச்சான், இந்தப் பக்கம் ஆளில்லாம வெறுமனே கெடக்கு?"

"அது ஒங்க எடமாம். அவருதான் விட்டு வச்சிருக்காரு."

பக்கீர் முகமது தாடியைத் தடவினார். "அன்னைக்கு விடலையே. கோயில் முன்னால அன்னைக்கு விடலையே."

"விடலதான்! இப்ப விட்டிருக்காருல்ல? வந்து நின்னாருல்ல? இனி ஒங்க மொறதான மச்சான்! இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான்யா ரெண்டு பேரும் என் உசுர வாங்குவீங்க?" மைதீனுக்கு நாக்கு புரளாமல் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பக்கீர் முகமது துண்டை எடுத்து உதறிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். இதுவும் போயிற்று என்று மைதீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். மைதீன் மேலே போய்ப் பார்த்தார். பக்கீர் முகமது பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு மாடிக்கு வந்திருந்தார். கூட மரியம். அவர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு சீலைக்கு முன்னால் போய் நின்றார். நடுவிலல்ல. அந்த ஓரத்தில் கருத்தக்கண்ணன் நின்றார் என்றால் இவர் இந்த ஓரத்தில்.

"எடு" என்றார். "அவன் விட்ட மாதிரி நானும் எடம் விட்டிருக்கேன்னு அவனுக்குத் தெரியணும். வேற ஒண்ணும் இல்ல."

"ரெண்டு பேருக்கும் ஒரு தகடு போதுமேய்யா! சேர்ந்து வந்து நின்னா என்னய்யா கொள்ளை!" என்று மைதீன் கத்தினார்.

"எடுங்க" என்றாள் மரியம் பீவி. "இம்புட்டாவது எடுங்க."

மைதீன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உள்ளே, தேய்த்த கண்ணாடியில் பக்கீர் முகமது தலைகீழாக நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குச் சும்மா கிடந்தது. அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க மைதீனுக்கு ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துணிக்குள்ளேயே துடைத்துக்கொண்டு வெளியே வந்து மூடியைப் பிடித்தார்.

"அசையாதீங்க மச்சான்."

பக்கீர் முகமது அசையவில்லை.